வூச்சுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

வூச். வாயக் குவிச்சுச் சொல்லு கண்ணு, வூச். எழுத்தப் பாத்தா லோட்ஸ்னு இருக்கும். எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் பதினோரு வருசத்துக்கு முன்னால டிக்கெட் கவுன்டர்ல நின்னுக்கிட்டு லோட்ஸ், லோட்ஸ்னு கத்தினன். அந்தப் புள்ள மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. வூச்னா படகுன்னு அர்த்தம். ஊருக்குள்ள பாக்கறதுக்கு ஒரு ஆறு கெடையாது, பேரு மட்டும் படகு.

பொட்டிய மேல தூக்காத. கால்கிட்டயே வெச்சுக்க. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்குது. நீ போன்ல "ரயில் ஏறிட்டன்ப்பா"ன்னு சொன்னதக் கேட்டதுமே நம்ம பக்கத்துப் புள்ளைன்னு தெரிஞ்சு போச்சு. எந்த ஊரு? கோபியா! நான் திருப்பூரு. படிக்கவா வந்திருக்கற? நல்லது. இது என்ற சின்னவன், ஏழு மாசம். அவன் தூங்கற வரைக்கும் பேசலாம். புதுசா வர்றவங்களுக்கு நாலு விசயம் சொல்லி விட்டாத்தான் எனக்கும் மனசு ஆறும். இந்தப் போலந்துக்கு வர்ற நம்ம சனம் பூரா எங்கிட்டத்தான் கேப்பாங்க, மல்லிகாக்கா எங்க வாங்கறது, மல்லிகாக்கா எப்படிப் போறதுன்னு.

டிராம்ல ஏறினதும் டிக்கெட்ட மிசின்ல விட்டு முத்திரை குத்தோணும். கையில வெச்சுக்கிட்டே போனா அது டிக்கெட் இல்ல, வெறுங் காயிதம். செக்கிங் ஆளு சாதாரண சட்டையிலதான் வருவான், பக்கத்துல உக்காந்திருப்பான், தெரியாது. ரோட்ல ஒரு வண்டிகூட இல்லாட்டியும் செவப்பு லைட்டுல தாண்டாத. கடைக்குள்ள போனா, லிப்ட்டுல ஏறினா, ஜென் டோப்ரே சொல்லு. வணக்கம்னு அர்த்தம். ஓட்டல்ல காசு குடுக்கறப்ப ஜென்குயேன்னு சொல்லிராத. நன்றிதான் அது, ஆனா நீ அப்பச் சொன்னா மீதிய நீயே வெச்சுக்கன்னு எடுத்துக்குவாங்க. ஞாயித்துக்கெழமை பெரிய கடையெல்லாம் சாத்தியிருப்பாங்க, சனிக்கெழமையே அரிசி பருப்பு வாங்கி வெச்சுக்க. யாரு வூட்டுக்காவது போனா பூ கொண்டு போ. எண்ணிப் பாத்து ஒத்தப்படையாக் கொண்டு போகோணும். ரெட்டைப்படை எழவு வூட்டுக்கு.

முக்கியமானது கை உறை. அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் உறை இல்லாம வெளிய காலெடுத்து வெக்காத. எத்தன தடவ சொன்னாலும் நம்ம ஆளுகளுக்கு இது மண்டையில ஏறாது. என்ற நங்கைக்கு ஏறுச்சா? சொன்னத மட்டும் கேட்டிருந்தா இன்னிக்கு அவங்க கை முழுசா இருந்திருக்கும்.

நங்கைன்னா எங்கூட்டுக்காரரோட அக்கா. துளசிமணின்னு பேரு. அம்பத்திரண்டு வயசு. கலியாணம் ஆகல. அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. பதினாலு வயசுல பனியன் கம்பெனிக்குப் போனவங்க, பவர் டேபிள் தையல் மிசின்ல உக்காந்து தம்பிய இஞ்சினியருக்குப் படிக்க வெச்சாங்க. நல்லதுதான், நான் ஒண்ணும் இல்லீங்கல. ஆனா அதையே எத்தன வருசம் சொல்லிக்காட்டறது? அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்க வாயே திறக்க மாட்டாங்க. இவரு சொல்லுவாரு. சோத்துல கை வெக்கறப்பெல்லாம், "எங்கக்கா இருந்தா"ம்பாரு.

இவன் பொறந்தப்ப எனக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல. எங்கம்மாவுக்கு முட்டி வலி. அதனால அக்காவ வரச்சொல்லலாம்னாரு. தொண்ணூறு நாள் விசா. அக்டோபர் மொத வாரம் வந்தாங்க. ஏர்போர்ட்ல பாக்கறன், காட்டன் சீலை, ரப்பர் செருப்பு, கையில ஒரு கட்டப் பை. பைக்குள்ள என்ன தெரியுமா? பூண்டு லேகியமும் பழைய வேட்டித் துணியும். கொழந்தைக்கு இடுப்புத்துணியாம். இங்க கடையில அடுக்கி வெச்சிருக்கறான் டயப்பரு!

வந்த அன்னிக்கே உக்கார வெச்சு எல்லாம் சொல்லிட்டன். உனக்குச் சொன்ன மாதிரியே. இன்னும் கொஞ்சம் சேத்தி. படிக்காதவங்க பாரு, அவங்களுக்குக் கெட்டியாச் சொல்லோணும். சத்தமாப் பேசாதீங்க. பக்கத்து வூட்டுக் கதவத் தட்டாதீங்க. யாராச்சும் பேசினா தலையக் குனிஞ்சுக்கங்க. நம்ம வூட்டு மணியத் தவிர இன்னொரு வூட்டு மணி மேல விரலு படக்கூடாது. ஒருத்தன் போலீஸுக்குப் போன் பண்ணினாப் போதும், உங்களயும் திருப்பி அனுப்புவாங்க, உங்க தம்பி இங்க தங்கறதுக்குக் குடுத்த கார்டையும் புடுங்கிக்குவாங்கன்னு சொன்னன். அப்படியெல்லாம் புடுங்க மாட்டாங்க. சும்மா ஒரு பயம் இருக்கட்டும்னுதான். "சரிங்க மல்லிகா, சரிங்க மல்லிகா"ன்னு கேட்டுக்கிட்டாங்க. தம்பி பெண்டாட்டிய வாங்க போங்கன்னு பேசறவங்க அவங்க ஒருத்தருதான்.

வேலையில குத்தம் சொல்ல முடியாது. வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சா, கொழந்தைக்கு எண்ணெய், தண்ணி, சாம்பிராணிக்குப் பதிலா ஏதோ ஓமத்தச் சட்டியில வறுத்துத் துணியில கட்டி மோந்து காட்டறது, பெரியவ நேத்ராவுக்குத் தலை பின்றது, சமையலு, பாத்திரம் போசி கழுவறது. நான் கட்டில விட்டே எறங்கல. பத்தியம் இல்ல? அவங்களுக்குச் சமையல் ரூம்லயே ஓரமாப் பாய் போட்டுக் குடுத்துட்டன். அங்கதான் கதகதப்பு. ஊரச் சுத்திக் காட்டோணும்னு இவரு ஆரம்பிச்சாரு. பியோத்ர்கோவ்ஸ்கா தெரு இருக்குதே, நாலு கிலோமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் பழைய மாளிகை, நீ அவசியம் பாரு. அங்க கூட்டிட்டுப் போறன்னாரு. ரெண்டு பேரும் போயிட்டா கொழந்தைய யாரு பாக்கறதுன்னு கேட்டன். அப்பறம் அந்தப் பேச்சு இல்ல.

ஊரப் பாக்காட்டியும் ஒரு சிநேகிதத்தப் புடிச்சுட்டாங்க. கீழ் வூட்டுக் கெழவி, பானி ஹலினா. பானின்னா இங்க அம்மான்னு கூப்பிடற மாதிரி. எழுவத்தெட்டு வயசு, ஒத்தைக்கட்டை. ஒரு காலத்துல இங்க இருந்த பஞ்சாலையில நாப்பது வருசம் வேலை செஞ்சவளாம். இந்த வூச் பூரா மில்லுதான் அப்ப. நங்கை குப்பை கொட்டப் போறப்ப கெழவி படியில பாத்திருக்கறா. அவளுக்குத் தமிழ் தெரியாது, இவங்களுக்குப் போலிஷ் தெரியாது, ஆனா ரெண்டு பேரும் மணிக்கணக்காப் பேசறாங்க! எப்படின்னு ஒரு நாள் எட்டிப் பாத்தன். கெழவி கையத் தூக்கித் தறி ஓட்டற மாதிரி காட்டறா. இவங்க ரெண்டு கையையும் நீட்டித் துணி தள்ளிவிட்டு, காலால பெடல் மிதிச்சு, வாயில டர்ர்ர்னு மிசின் சத்தம் போடறாங்க. ரெண்டும் சிரிக்குது. கெழவி கையில ஒரு நூல்கண்டு. "நூல்"ங்கறாங்க இவங்க. "நூல்"ங்கறா அவ. எனக்கு அசிங்கமாப் போச்சு. பதினோரு வருசமா இந்தக் கட்டடத்துல மரியாதையா இருக்கறன். அவ எனக்கு ஜென் டோப்ரேக்கு மேல ஒரு வார்த்த சொன்னதில்ல.

நவம்பர் ஒண்ணாந்தேதி இங்க செத்தவங்க நாளு. சுடுகாடு பூரா விளக்கு ஏத்துவாங்க. பாக்க அழகாத்தான் இருக்கும், நீ போய்ப் பாரு. அன்னிக்கு நான் சித்தக் கண்ணசந்த நேரம் கெழவி இவங்களக் கூட்டிட்டுப் போயிட்டா. பொழுதோட வர்றாங்க. மூஞ்சியில அப்படி ஒரு பூரிப்பு. "மல்லிகா, ஆயிரம் ஆயிரமா விளக்குங்க. நம்ம கார்த்திகை மாதிரியே இருந்துச்சுங்க. ஹலினாம்மா வூட்டுக்காரரு கல்லுகிட்ட நானும் ஒண்ணு ஏத்தி வெச்சனுங்க"ன்னாங்க. பச்சை ஒடம்புக்காரியும் கைக்கொழந்தையும் இருக்கற வூட்டுக்குள்ள சுடுகாட்டுக் காலோட வர்றாங்க! தலைக்கு ஊத்திட்டுத்தான் எதையும் தொடோணும்னன். சுடுதண்ணியில ஊத்தினா தீட்டுப் போகாதுல்ல, பச்சத்தண்ணிதான். குளியலறையில பல்லு கிட்டற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கண்டிப்பு வேணும். அன்னிக்கே வூட்டுச் சாவிய வாங்கி வெச்சுக்கிட்டன். அவங்க நல்லதுக்குத்தான், தெரியாத ஊருல தொலைஞ்சு போயிட்டா?

 சாவிய வாங்கினத நங்கை இவருகிட்டச் சொல்லல. ஆனா குப்பை கொட்டப் போறன்னு போறது, படியில நின்னு கெழவிகிட்டப் பேசறதுன்னு நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. டிசம்பர்ல ஒரு நாள் கொழந்தைக்குச் சட்டை ஒண்ணக் கொண்டாந்து காட்டறாங்க. மஞ்சக் கம்பளி நூலு. ஒரு கை கெழவி பின்னினதாம், இன்னொரு கை இவங்க பின்னினதாம். பாத்தா ரெண்டு கையும் ஒரே அளவில்ல. அந்தக் கெழவி வூட்ல மூணு பூனை. ரோமம் கீமம் ஒட்டியிருந்தா கொழந்தை என்னாகறது? நான் சண்டை போடல. வாங்கி வெச்சுக்கிட்டு, அடுத்த நாள் குப்பைப் பையில போட்டுட்டன். அவங்க மனசு நோகக்கூடாதுன்னு டயப்பருக்கு அடியில தெரியாம வெச்சன்.

அன்னிக்கு ஒம்பதாந்தேதி. மைனஸ் பதிமூணு. ராத்திரி முச்சூடும் இவன் அழுகை. காலையில பதினோரு மணிக்கு இவரு ஆபீஸ்ல, நேத்ரா ஸ்கூல்ல. நங்கை போசி கழுவிட்டிருந்தாங்க. நாத்தமடிக்குது, குப்பையக் கொண்டு போய்க் கொட்டிட்டு வாங்கன்னன். ஈரக்கையோட, என்ற பழைய ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு, அந்த ரப்பர் செருப்போட போனாங்க. ரெண்டு நிமிச வேலைதான, உறை எதுக்குன்னு நெனச்சிருப்பாங்க. நான் உறை போடுங்கன்னு அன்னிக்குச் சொல்லல. தெனமுமா சொல்ல முடியும்?

இங்க கீழ்க்கதவு தானாப் பூட்டிக்கும் கண்ணு. வெளிய ஒரு பலகையில வூட்டு வூட்டுக்கு ஒரு பட்டன். அமுக்கினா மேல மணி அடிக்கும், மேல இருக்கறவங்க ரிசீவர எடுத்து ஒரு பட்டன அமுக்கினாக் கதவு திறக்கும். சன்னல்ல பாக்கறன், குப்பைத்தொட்டிகிட்ட நிக்கிறாங்க. பையப் பிரிச்சு உள்ள கைய விட்டுத் தேடறாங்க. மஞ்சக் கை ஒண்ணு வெளிய தெரிஞ்சிருக்குமாட்ட இருக்குது. எடுத்து ஒதறி, மாருக்குள்ள சொருகிக்கிட்டாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? அக்கம்பக்கம் யாராச்சும் பாத்தா, இந்தியாக்காரி குப்பையில பொறுக்கறான்னு சொல்ல மாட்டான்?

மணி அடிச்சுச்சு. கொழந்தை அப்பத்தான் கண்ண மூடினான். சித்த நேரம் நிக்கட்டும், புத்தி வரும்னு ரிசீவர எடுத்துத் தொங்க விட்டுட்டன், அப்பறம் மணி அடிக்காது. பத்து நிமிசம்னுதான் நெனச்சன். சத்தியமாப் பத்து நிமிசம். கொழந்தையோட அப்படியே சாஞ்சன், தூங்கிட்டன். ராத்திரியெல்லாம் முழிச்சவ தூங்க மாட்டனா? நீயே சொல்லு.

ரெண்டரை மணி நேரம் நின்னிருக்கறாங்க. பலகையில பன்னெண்டு பட்டன் இருக்குது. வேற ஒண்ணுகூட அமுக்கல. தபால்காரன் ஒருத்தன் வந்தானாம், என்னம்மான்னு கேட்டிருக்கறான், தலையக் குனிஞ்சுக்கிட்டாங்களாம். அவனும் போயிட்டான். அந்த மட்டுக்கும் நான் சொன்னதக் கேட்டிருக்கறாங்க. ஒரு கொரலு குடுக்கல. கத்தியிருந்தாக்கூட நான் எந்திரிச்சிருப்பன்.

மருந்துக்கடைக்குப் போன கெழவி ஒண்ணரை மணிக்குத் திரும்பி வந்து பாத்திருக்கறா. கதவுக் கைப்பிடிய ரெண்டு கையிலயும் புடிச்சபடியே உக்காந்திருந்தாங்களாம். தன்னோட வூட்டுக்குள்ள இழுத்துட்டுப் போயி, வெதுவெதுன்னு தண்ணியில கைய வெச்சு, ஆம்புலன்சக் கூப்பிட்டிருக்கறா. மாருக்குள்ள அந்தச் சட்டை அப்படியே இருந்துச்சாம். அத எடுத்துக் கையில சுத்திக்கக்கூடத் தோணல பாரு. அழுக்காயிரும்னு இருந்திருப்பாங்க. குப்பையில கெடந்த சட்டை!

கெழவி மேல வந்து கதவத் தட்டினா. திறந்தன். எம்மூஞ்சியப் பாக்கல. செவுத்துல தொங்கிட்டிருந்த ரிசீவரப் பாத்தா. உள்ள வந்து, அத எடுத்து அதோட எடத்துல மாட்டினா. மாட்டிட்டுப் படியெறங்கிப் போயிட்டா. அடுத்த வூட்டுக்குள்ள கேக்காம வரலாமா? அன்னியில இருந்து ஜென் டோப்ரேயும் சொல்றதில்ல. இந்த ஊருக்காரங்களுக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆசுபத்திரியில மூணு வாரம். கெழவி தெனமும் டிராம் ஏறி சூப்புக் கொண்டு போவா. எனக்கு எங்க ஒழியுது, கைக்கொழந்தை. ஒரே தடவதான் போனன். விரலெல்லாம் கறுத்துப் போயி, கத்தரிக்காயச் சுட்ட மாதிரி. என்னப் பாத்ததும், "கொழந்தை தூங்குதுங்களா மல்லிகா?"ன்னு கேட்டாங்க. 

இவரு கட்டிலோரம் உக்காந்திருந்தாரு. "அக்கா, நீ பெல் அடிச்சயா?"ன்னாரு.

"இல்லப்பா."

"அடிக்கவே இல்லயா?"

"பனி பேஞ்சுதுல்ல. பாத்துட்டு நின்னுட்டன் சாமி. ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவ பாக்கோணும்னு இருந்துச்சு."

பாத்தியா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறன். நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல. அன்னிக்குப் பனி பேயவே இல்ல, வெறுங் குளுருதான். ஆனா அவங்க சொல்றப்ப நான் எதுக்கு நடுவுல பேசறது?

வெளிய வராந்தாவுல கெழவி இவரு கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினா. இவரு தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. என்ன சொன்னாளோ. வூட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. என்ற மேல தப்பு இருந்தாக் கேட்டிருப்பாருல்ல? ஒரு மனுசன் சத்தம் போட்டிருப்பானா இல்லயா? ஒண்ணுமில்ல. சாப்பாடு போட்டா சாப்பிடுவாரு, கொழந்தையத் தூக்குவாரு. அக்காவுக்குப் பாய் போட்ட எடத்துல தானே பாயப் போட்டுப் படுத்துக்கிட்டாரு. எனக்குத் தூக்கம் கெடக்கூடாதுன்னு.

விசா முடியற அன்னிக்கு நங்கை ஊருக்குப் போனாங்க. கோயமுத்தூர்ல பாத்துட்டு, வலது கையில நாலு விரலையும் நடுக்கணுவோட எடுத்துட்டாங்க. இடது கையில ரெண்டு நுனி. பனியன் கம்பெனியில சேத்துக்கல. எப்படிச் சேத்துவாங்க? துணியப் புடிச்சுத் தள்றதுக்கு விரல் வேணுமே. இப்ப வூட்லதான் இருக்கறாங்க. ஆத்திரமெல்லாம் ஒண்ணும் கெடையாது. கெழவிக்கு மட்டும் போன் பேசறாங்களாம். என்னத்தப் பேசுவாங்க? ரெண்டும் போன்ல மிசின் சத்தம் போடுமாக்கும்.

கை உறை, கண்ணு. அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னன்.

இன்னிக்கு நான் வார்சா ஏர்போர்ட்டுக்குப் போனதே இவரையும் நேத்ராவையும் ஊருக்கு ஏத்திவிடத்தான். ரெண்டு வாரம் அக்காவப் பாத்துட்டு வர்றன்னாரு. நேத்ராவோட ஸ்கூல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டாரு. எதுக்குன்னன். அங்க ஏதோ ஆபீஸ்ல கேப்பாங்கன்னாரு. புள்ளையோட கோடைக்காலச் சட்டை பூராவும் பொட்டியில போயிருச்சு. ஆம்பளைங்களுக்குப் பொட்டி கட்டத் தெரியாது. இவனத் தூக்கி மூஞ்சியில மூஞ்சிய வெச்சு ரொம்ப நேரம் நின்னாரு. அவனுக்கு இன்னும் பாஸ்போர்ட் வரல, இல்லாட்டி அவனையும் கொண்டு போயிருப்பாரு. எங்கிட்ட, "குளுர்ல நிக்காத, உள்ள போ"ன்னாரு. நாலு மாசத்துல எங்கிட்டப் பேசின நீளமான பேச்சு அதுதான். அக்கறை இல்லாமயா சொல்லுவாரு?

அதுதான் வூடு வெறிச்சுன்னு இருக்குது இப்ப. உனக்கு ஹாஸ்டல் இன்னும் கெடைக்கலயாக்கும்? போன்ல சொல்லிட்டிருந்த. பேசாம எங்கூட்டுக்கு வந்துரு. நம்ம சோறு, நம்ம பேச்சு. காலேஜ் போன நேரம் போக இவனச் சித்தப் பாத்துக்கிட்டாப் போதும், வேற ஒரு வேலையும் இல்ல. எப்படி இருக்கோணும், எப்படி நடந்துக்கோணும்னு நானே எல்லாம் சொல்லித் தர்றன். வெவரம் அறிஞ்ச புள்ளையாட்டத்தான் தெரியற, சொன்னாக் கேட்டுக்குவ.

எங்க எந்திரிக்கற? இது விட்ஸெவ். இன்னும் வூச் வரல. ஊரு ஓரத்துல இருக்கற ஸ்டேசன் இது, எல்லாரும் அடுத்ததுலதான் எறங்குவாங்க. இங்க எறங்கினா ரெண்டு பொட்டியோட டிராம் மாறி மாறிப் போகோணும். ஏ கண்ணு, சொல்றன்ல? மழை வேற தூறுது. போன் நம்பராச்சும் குடுத்துட்டுப் போ.

எறங்கிட்டியே. ஏ புள்ள! இங்க திரும்பு! ஏ... பேரென்னன்னுகூட நான் கேக்கலயே.